பேட்டரி இறங்கும் செவ்வாய்க்கிழமைகள்

என் மனைவிக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. வாரத்துக்கு மூன்று நாள் தூத்துக்குடி போய் மெஷினில் படுக்க வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. காலை ஏழு மணிக்கு அவளுக்கு மெஷின். பிந்தினால் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லி என்ன, மெஷின் கொஞ்சம், ஆள் அதிகம்.

எங்கள் ஊர் சாத்தான்குளத்துக்கு மேற்கே உள்ளே தள்ளி இருக்கிறது. ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் சரியாக இருக்கும். அந்நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. அவளால் பஸ்ஸில் உட்காரவும் முடியாது. அதற்காகத்தான் அந்தப் பழைய வேனை வாங்கினேன்.

எனக்கு வேலை வண்டி ஒயரிங். சாத்தான்குளத்தில் சின்னதாகக் கடை. ஐந்தாம் கிளாஸ்வரை படித்தேன். பிறகு கையில் கரண்ட் பார்க்கிற டெஸ்ட் லேம்ப் பிடித்தவன் இன்னும் விடவில்லை. லாரி, டிராக்டர், வேன், எது வந்தாலும் லைட் எரிய வைத்து அனுப்புவேன். கடைக்குப் பைக்கில் போய்விடுவேன். வேன் வீட்டில் நிற்கும். அவளுக்கு மட்டும்தான் அதை எடுப்பது.

அந்த வேன் முன்னால் மீன் வண்டியாக ஓடியது. மீன் பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் தரைத் தகடு முழுக்க ஊறியிருந்தது. தகடு துரு. ஒயரை வெட்டிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சையாக இருக்கும். கையால் நசுக்கினால் பொடியாக உதிரும். வாங்கும்போதே தெரியும். நம் கையில் வேலை இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல்முறை மெஷினுக்குப் போன நாளுக்கு முந்தின நாள், டேஷ்போர்டில் திருச்செந்தூர் முருகன் படம் ஒட்டினேன். படத்துக்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்பு பல்பு வைத்தேன். சாவி எடுத்தாலும் அணையாத மாதிரி பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்தேன். நடுவில் பியூஸ் போடவில்லை. பியூஸ் போனால் விளக்கு அணைந்துவிடுமே. அவள் ஊசியும் மெஷினும் இல்லாமல் எழுந்து நடமாடும்வரை இந்த விளக்கு அணையக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை. கிட்னி இனிமேல் திரும்ப வேலை செய்யாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அது காதில் விழுந்தது. விழுந்ததோடு சரி.

ஐப்பசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாவியைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி இறங்கியிருந்தது. பக்கத்து வீட்டார் இரண்டு பேரை எழுப்பித் தள்ள வைத்து ஸ்டார்ட் செய்தேன். ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம்.

வியாழன் ஒழுங்காக எடுத்தது. சனியும் எடுத்தது. அடுத்த செவ்வாய் மறுபடியும் டிக்.

சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு முழு நாள் இடைவெளி. வண்டி நிற்கிறது. அவள் உடம்பிலும் அந்த இரண்டு நாளில்தான் தண்ணீர் ஏறும். கால் வீங்கும். ஞாயிறு படுத்துத் தூங்குவாள். திங்கள் உட்கார்ந்துகொண்டே தூங்குவாள். செவ்வாய்க் காலை பேசினால் நடுவில் மூச்சு வாங்கும். அதே நாள்தான் வண்டியும் படுத்துக்கொள்ளும்.

எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது. அது தெரிந்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

அவள் மெஷினில் இருப்பது நாலு மணி நேரம். கூட இருப்பவர்களை உள்ளே விடமாட்டார்கள். அந்த நாலு மணி நேரமும் வேனை ஹார்பர் ரோட்டில் ஒரு பேட்டரிக் கடைக்குக் கொண்டு போய்விடுவேன். கடைக்காரர் எனக்குப் பல வருஷப் பழக்கம். ஷெட்டில் ஒரு ஓரம் கொடுத்தார். டேஷ்போர்டைக் கழற்றுவேன், ஒயரைப் பிரிப்பேன், பார்ப்பேன். நாலு மணி நேரம் முடியுமுன்னே எல்லாவற்றையும் திரும்பக் கட்டி, ஆஸ்பத்திரி வாசலில் வேனை நிறுத்த வேண்டும். மெஷினிலிருந்து எழுந்து வரும்போது அவளுக்குத் தலை சுற்றும். வேனைக் காணோம் என்றால் நிற்க இடமில்லை.

கடைக்காரர் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் நிற்பார்.

"என்னவே, மாவட்டத்துல ஓடுத லாரிக்கெல்லாம் லைட்டு போட்டுக் குடுக்கீரு. உம்ம வண்டிக்கு ஒரு வைத்தியம் தெரியலையோ?"

"பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"பாக்கீரு பாக்கீரு, மூணு வாரமாப் பாக்கீரு. பொண்ணு பாக்கப் போனவன்கூட இவ்வளவு நேரம் பாக்க மாட்டான்."

சோதிக்கும் முறை ஒன்றுதான். பேட்டரியின் எர்த் டெர்மினலைக் கழற்றி நடுவில் டெஸ்ட் லேம்பை மாட்ட வேண்டும். சாவி எடுத்த வண்டியில் அது எரியக்கூடாது. எரிந்தால் எங்கேயோ ஒழுகுகிறது. பியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது லேம்ப் அணைகிறதோ அந்த லைனில் கோளாறு. சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டது.

ஆனால் டெர்மினலைக் கழற்றினால் சாமி விளக்கு அணைந்துவிடும். அதனால் நான் ஒரு காரியம் செய்வேன். முதலில் ஒரு பைக் பேட்டரியைப் பக்கத்தில் வைத்து, சாமி விளக்கு ஒயரை அதில் மாட்டிவிடுவேன். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதற்குப் பிறகுதான் பெரிய பேட்டரியில் கை வைப்பேன்.

டெஸ்ட் லேம்ப் எரியாது. ஒரு தடவைகூட எரியவில்லை. வண்டி சுத்தமாக இருக்கிறது என்று லேம்ப் சொல்லும். செவ்வாய்க்கிழமை இல்லை என்று சொல்லும்.

இதைப் படிப்பவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. தினம் அடுத்தவர் வண்டியில் கோளாறு கண்டுபிடிக்கிற ஆளுக்குப் புரியவில்லை. அந்த ஒயர் என் கணக்கிலேயே இல்லை. அது வண்டி ஒயர் இல்லை, சாமி ஒயர்.

பச்சை பிடித்த ஒயர்களையெல்லாம் வெட்டிப் புதிது போட்டேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரைக் கழற்றிப் பார்த்தேன். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். எர்த் பட்டையை மாற்றினேன். கடைக்காரர் வேறு பேட்டரி கொடுத்தார். அதுவும் இறங்கியது.

ஒரு நாள் அவர் சொன்னார்.

"ஒண்ணும் வேண்டாம். ராத்திரி டெர்மினலக் கழத்திப் போட்டுட்டுப் படும். காலைல மாட்டும். சோலி முடிஞ்சிது."

"சாமி லைட்டு?"

"அதான் பைக் பேட்டரி வச்சிருக்கீரே. அதுல போடும்வே."

அந்தச் சனிக்கிழமை அப்படிச் செய்தேன். செவ்வாய் வண்டி ஒரே சாவியில் எடுத்தது. ஆனால் விளக்கு அணைந்திருந்தது. பைக் பேட்டரி காலி. பேட்டரி பழசு, தாங்கவில்லை என்று நினைத்தேன். அடுத்த சனிக்கிழமையும் செய்தேன். செவ்வாய் மறுபடி வண்டி எடுத்தது, விளக்கு இருட்டாக இருந்தது. அன்று மெஷினில் அவளுக்கு பிரஷர் இறங்கி, பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் டெர்மினலைக் கழற்றவில்லை. ஏன் என்று கடைக்காரர் கேட்டார். நான் அடுத்த ஒயரைப் பிரித்தேன்.

காரணம் அவளுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். ஒரு செவ்வாய் வண்டி எடுக்காமல் நின்றபோது, விளக்கும் மங்கிப் போயிருந்தது. நான் ஆளைக் கூப்பிடப் போகாமல் முதலில் பைக் பேட்டரியை எடுத்துவந்து விளக்குக்கு மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் சீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கன ஒருத்தி மூச்சு முட்டிக்கிட்டு இருக்கேன். நீங்க முருகனுக்கு லைட்டு போடுதிய."

"இரு ஏளா, ஒரு நிமிசம்."

"அவருக்கென்ன, மலை மாதிரி கோயிலு இருக்கு, ஆயிரம் லைட்டு இருக்கு. எனக்குதான் இந்த ஒத்த வேன்."

சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. அன்று பத்து நிமிஷம் பிந்திப் போனோம். நர்ஸ் மெஷின் கொடுத்தார். ஆனால் கடிகாரத்தைப் பார்த்தார்.

கார்த்திகையில் மழை விட்டு விட்டுப் பெய்தது. ஒரு செவ்வாய்க்கிழமை ஆச்சரியமாக வண்டி எடுத்தது. இழுத்து இழுத்துச் சுற்றினாலும் எடுத்துவிட்டது. அவள் ரொம்ப வீங்கியிருந்தாள். சாய்ந்தால் மூச்சு முட்டும் என்று முன் சீட்டில் நிமிர்ந்து, டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏரல் தாண்டி, முக்காணி தாண்டி, பழையகாயல் தாண்டினோம். விடிந்துவிட்டது. ரோட்டின் இரண்டு பக்கமும் உப்பளம். மழைத் தண்ணீர் நிற்கிறது.

ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. அவள் சொன்னாள்.

"என்னமோ கருகுது."

அடுத்த நிமிஷம் அவள் காலடியில் விரித்திருந்த ரப்பர் மேட்டுக்குக் கீழேயிருந்து புகை வந்தது. வண்டியை ஓரம் கட்டி, பேட்டரி டெர்மினலைப் பிடுங்கினேன். புகை அடங்கியது. இன்ஜினும் நின்றது. மறுபடி டெர்மினலை மாட்டிப் பார்த்தேன். புகை வரவில்லை, கருகின இடம் அறுந்துவிட்டது போலிருக்கிறது. செல்ஃப் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. இந்த வேனில் டீசலைத் திறந்துவிடுகிற வால்வுக்குக் கரண்ட் போக வேண்டும். அந்த ஒயரும் சேர்ந்து வெந்துபோயிருக்கிறது. கரண்ட் இல்லாவிட்டால் டீசல் இல்லை. தள்ளினாலும் ஓடாது.

அவளை இறக்கி, மைல் கல்லில் உட்கார வைத்தேன். புகை அவள் நெஞ்சுக்குள் போயிருந்தது. தோள் இரண்டும் ஏறி இறங்கியது. நான் மேட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு உள்ளே தலையை விட்டேன்.

உப்பள வேலைக்குப் போகிற பெண்கள் நாலைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள். மழையில் வேலை இல்லை, கரை கட்டப் போகிறார்கள் போலிருக்கிறது. அதில் ஒரு பெண் நின்றாள். நாற்பது வயசு இருக்கும். ஆண் சட்டை போட்டிருந்தாள்.

"ஏ அண்ணாச்சி, என்ன, வண்டி படுத்துட்டா?"

"ஒயரு கருகிட்டு."

"அக்காவுக்கு என்ன?"

"கிட்னி. ஏழு மணிக்கு மெசினு."

அவள் என் மனைவியின் காலைப் பார்த்தாள். விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, எழவில்லை.

"அண்ணாச்சி, ஒயரப் பெறவு பாத்துக்கிடலாம். வெளிய வாங்க முதல்ல."

நான் வெளியே வரவில்லை. அஞ்சு நிமிசம், அஞ்சு நிமிசம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் ரோட்டு நடுவில் போய் நின்றாள். ஒரு லோடு ஆட்டோ வந்தது. தண்ணீர் கேன் ஏற்றியது. கையை நீட்டி நிறுத்தினாள். டிரைவர் ஏதோ முனகினான்.

"ஏலே, ஒன் தண்ணி ஒரு மணி நேரம் கழிச்சுப் போனா எவனும் செத்துற மாட்டான். இந்த அக்கா செத்துருவா. எறங்கிப் பிடி."

அவன் இறங்கிப் பிடித்தான். என் மனைவியை முன்னால் ஏற்றினார்கள். அந்தப் பெண் பின்னால் கேன்களுக்கு நடுவில் ஏறிக்கொண்டாள். ஏறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"வாங்க அண்ணாச்சி, நிக்கதுக்கு எடமிருக்கு."

இடம் இருந்தது. ஒரு கேனை நகர்த்தினால் நான் நிற்கலாம். என் கையில் கருகின ஒயர் இருந்தது. "நீங்க போங்க, பின்னாலயே வாரேன்" என்றேன்.

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். பேச அவளுக்கு மூச்சு இல்லை. ஆட்டோ போய்விட்டது.

ஏன் ஏறவில்லை என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆட்டோவில் ஏறினால் நான் ஒரு வேலையும் தெரியாத ஆள். அவள் மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒயரைப் பிடித்துக்கொண்டிருந்தால் ஏதோ செய்துகொண்டிருக்கிற மாதிரி இருந்தது. அதுவாக இருக்கலாம்.

வண்டியை ஓட வைக்க ஐந்து நிமிஷ வேலைதான். பேட்டரியிலிருந்து டீசல் வால்வுக்கு நேராக ஒரு துண்டு ஒயர் போட்டால் இன்ஜின் ஓடும். வழியில் நின்றுபோய் எனக்கு போன் போடுகிற எத்தனையோ டிரைவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். புகை வந்த உடனே இதைச் செய்திருந்தால் அவளே என் பக்கத்தில் உட்கார்ந்து போயிருப்பாள். எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. எங்கே கருகியது, எது கருகியது, அதை மட்டும் தேடினேன். ஒரு மாசமாகத் தேடின ஒன்று கைக்கு எட்டிவிட்டது என்ற வெறி. வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதிவிடுகிறேன்.

கருகின ஒயரைப் பிடித்துக்கொண்டே முன்னால் போனேன். சிவப்பு ஒயர். தரைத் தகட்டில் ஒரு ஓட்டை வழியாக இன்ஜின் பக்கம் போகிறது. ஓட்டையின் விளிம்பு துருப்பிடித்து பிளேடு மாதிரி இருந்தது. ரப்பர் வளையம் போடாமல் ஒயரை விட்டிருக்கிறார்கள். எவன் இப்படிப் போட்டான் என்று வாய்விட்டுத் திட்டினேன். ஒயரின் அடுத்த நுனியைத் தேடி மேலே போனேன். டேஷ்போர்டுக்குள் ஏறியது. முருகன் படத்துக்குப் பின்னால் போய் முடிந்தது.

நான் போட்ட ஒயர். முதல் நாளைக்கு முந்தின நாள், அவசரத்தில் போட்டது.

ஓட்டை விளிம்பு அதன் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறது. பனியும் மழையும் பெய்தால், தகட்டில் ஊறின மீன் உப்பு ஈரமாகி, அது வழியாகக் கரண்ட் ஒழுகியிருக்கிறது. வெயில் ஏறி ஷெட்டுக்குப் போகும்போது காய்ந்துவிடும். காயாவிட்டாலும் என் லேம்ப் அதைக் காட்டியிருக்காது. நானே அந்த ஒயரைக் கழற்றி பைக் பேட்டரியில் மாட்டிவிடுகிறேனே. பைக் பேட்டரி இரண்டு தடவை காலியானதும் இதனால்தான். அன்று பள்ளத்தில் குலுங்கியதும் செம்பு நேராகத் தகட்டில் பட்டுவிட்டது. பியூஸ் இருந்திருந்தால் பியூஸ் மட்டும் போயிருக்கும். பியூஸ் இல்லாததால் பக்கத்து ஒயர்களையும் சேர்த்துக் கருக்கிவிட்டது.

ரோட்டோரத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. போன் அடித்தது. அந்தப் பெண்தான், என் மனைவியின் போனிலிருந்து.

"அண்ணாச்சி, மெசினு வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. அக்காவுக்குக் காத்து வச்சிருக்காங்க. எங்கன இருக்கிய?"

"இங்கனதான்."

"இன்னும் அங்கனயேவா?"

அதற்குப் பிறகுதான் அந்த ஐந்து நிமிஷ வேலை எனக்கு நினைவு வந்தது.

நான் போய்ச் சேரும்போது எட்டரை மணி. அவளை எமர்ஜென்சியில் ஒரு கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். மூக்கில் ஆக்சிஜன். உதடு நீலமாக இருந்தது. ஒரு டாக்டர், சின்ன வயசு, என் கையைப் பார்த்தார். கை முழுக்கக் கரி.

"ஆம்புலன்சுக்கு போன் பண்ணியிருக்கலாமே?"

அதுவும் எனக்குத் தோன்றவில்லை. போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

உப்பளத்துப் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றாள். கூட வந்தவர் என்ன உறவு என்று கேட்டதற்குத் தங்கச்சி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். என்னைக் கண்டதும் போர்வையைச் சரி செய்துவிட்டுக் கிளம்பினாள். நான் அவளைக் கும்பிட்டேன்.

"அக்காவப் பாருங்க" என்றாள். போய்விட்டாள்.

பதினொன்றரை மணிவரை மெஷின் காலியாகவில்லை. அந்த மூன்று மணி நேரம் அவள் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியாது. நான் முதுகுக்குப் பின்னால் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அவள் நெஞ்சுக்குள்ளே தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம் என் கைக்குத் தெரிந்தது. எந்த ஒயரை எங்கே தொட்டால் அது நிற்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு நர்ஸ் வந்து போவார். ஒவ்வொரு தடவையும் நான் அவர் முகத்தைப் பார்ப்பேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

பதினொன்றரைக்கு உள்ளே கொண்டு போனார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு வெளியே வந்தாள். வீக்கம் பாதி இறங்கியிருந்தது. பேச்சு வந்தது.

ஒயரைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். எந்த ஒயர் என்றும் சொன்னேன். நேர்ச்சையைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"அது கெடக்கட்டும். ஆட்டோல ஏன் ஏறல?"

நான் நகத்தில் இருந்த கரியைச் சுரண்டினேன்.

"முன்னப் பின்னத் தெரியாத ஒருத்தி ஏறுதா. நீங்க ஒயரப் புடிச்சிக்கிட்டு நிக்கிய."

கோபமாகச் சொல்லவில்லை. அசதியாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

கருகின ஒயர் முழுவதையும் உருவிப் போட்டுவிட்டேன். ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தேன். சாமி விளக்கை மறுபடி போடவில்லை. படம் இருக்கிறது. போடவா என்று அவளிடம் கேட்கவும் இல்லை.

இப்போது மாசி முடியப் போகிறது. ஒரு செவ்வாய்க்கிழமைகூட வண்டி நிற்கவில்லை. பேட்டரிக் கடைக்காரர், "உம்ம நாலு மணி நேரத்துக்கு இப்ப சோலி இல்லாமப் போச்சே" என்கிறார். ஆஸ்பத்திரி வராண்டாவிலேயே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே விடமாட்டார்கள். இருந்தாலும் உட்கார்ந்திருக்கிறேன்.

அவள் மெலிந்துவிட்டாள். கையில் ஊசி போட இடம் தேடுகிறார்கள். வாரம் மூன்று போதாது, நாலு தடவை வர வேண்டியிருக்கும் என்று போன வாரம் சொன்னார்கள். சரி என்று சொன்னோம்.

முன்பெல்லாம் காலையில் அவள்தான் முதலில் வேனில் ஏறி உட்காருவாள். நான் பிறகு வந்து சாவி போடுவேன். இப்போது அப்படி இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் தூணைப் பிடித்தபடி வெளியே நிற்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறேன். இன்ஜின் பிடித்து, சத்தம் ஒரே சீராக வருகிறவரை அங்கேயே நிற்கிறாள். அப்புறம்தான் வந்து கதவைத் திறக்கிறாள்.